முகூர்த்த நாட்களில் வாரியம் இயங்காது

கோழித்தீவனச் சேர்மான ஏற்பு வாரியம் செவ்வாப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயங்கிவருகிறது. சொந்தக் கட்டடம் எழும்பும் வரை தற்காலிகமாக இங்கே இருக்கலாம் என்று முடிவெடுத்த இயக்குநர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் போய்விட்டார். இப்போது முனைவர் தணிகைவேல் இருக்கிறார். மண்டபத்துக்காரரோடு போட்ட ஒப்பந்தப்படி, முகூர்த்த நாட்களில் வாரியம் இடத்தைக் காலி செய்துகொடுக்க வேண்டும். முதல் நாள் மதியமே கோப்புகளை மூட்டை கட்டி மாடியில் ஏற்றிவிட்டு அலுவலர்கள் வீட்டுக்குப் போவார்கள். கல்யாணம் முடிந்து, எச்சில் இலை எடுத்து, தரை கழுவிவிட்ட பிறகு வாரியம் மறுபடி கூடும். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள்: "முகூர்த்த நாட்களில் வாரியம் இயங்காது. விண்ணப்பதாரர்கள் பஞ்சாங்கம் பார்த்து வரவும்."

வரதன் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. தை மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து விண்ணப்பம் கொடுக்கலாம் என்று கிளம்பியதுதான் அவர் செய்த முதல் தவறு. அவருக்கு நல்ல நாள் என்றால் கல்யாணக்காரர்களுக்கும் நல்ல நாள்தானே? அவர் ஊரான கும்மிடிப்பூண்டியும் செவ்வாப்பேட்டையும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் போய் வேறு வண்டி மாறித் திரும்ப வர வேண்டும். அப்படி வந்து இறங்கி, மண்டப வாசலில் நின்றவர் மேல் பன்னீர் தெளித்தார்கள்.

"மாப்ள ஊடா, பொண்ணு ஊடா?" என்று கேட்டார் வாசலில் நின்றவர்.

"நான் கோழித்தீவன விஷயமா வந்தேங்க."

"யாரா இருந்தா இன்னா, மொதல் பந்தி ஆரம்பிச்சாச்சு. நாஷ்டா துன்னுட்டுப் போ."

வரதன் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். வாரியத்திடமிருந்து அவர் கேட்டவுடன் பெற்றது அந்தப் பை ஒன்றுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது முறை.

இது நிற்க. வரதன் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் உலை முன்னால் நின்று வேலை பார்த்தவர். ஆலை கைமாறியபோது கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். அந்தப் பணத்தில், அதே சிப்காட்டின் கடைசித் தெருவில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, கோழித்தீவனத்தில் கலக்கிற என்சைம் தூள் தயாரிக்க ஆரம்பித்தார். கோதுமைத் தவிட்டில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அதிலிருந்து என்சைமைப் பிரித்து, உலர்த்தி, சோள மாவில் கலந்து மூட்டை பிடிப்பது வேலை. கூட நின்றவர்கள், முன்பு நாற்று நட்டுக்கொண்டிருந்து பிறகு கம்பெனிகளில் கான்ட்ராக்டில் உழைத்த பெண்கள் சிலர். சோதனைக்குழாய் பிடிக்க பி.எஸ்சி. வேதியியல் படித்த கிரேஸ்.

தவிட்டிலும் சோளத்திலும் பாஸ்பரஸ் நிறையவே இருக்கிறது. ஆனால் அது பூட்டிக் கிடக்கிறது. கோழியின் குடலுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. என்சைம் திறந்துவிடும். எலும்பு கெட்டிப்படும், முட்டை ஓடு கெட்டிப்படும். இவ்வளவுதான் விஷயம். வரதனின் தூள் இதை ஒழுங்காகச் செய்தது. கிரேஸ் தவிட்டுக் கரைசலில் அதைப் போட்டு மருந்து ஊற்றினால் குழாய் மயில்கழுத்து நீலமாக மாறும். தூளில் சத்து குறையக் குறைய நீலம் வெளுக்கும். சத்து போய்விட்டால் நிறமே வராது.

சத்து போவதற்குச் சூடு போதும். மேற்படி தூள் குளிர்ச்சியில் வருஷம் தாங்கும். தகரக் கொட்டகையில் ஒரு கோடை தாங்குவதே சந்தேகம். தீவன ஆலைக்காரர்களோ, "வாரியத்து சர்டிபிகேட் இருக்குதா? அது இல்லாம ஒரு பொட்டலம்கூட உள்ள வராது" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே கணக்கு நேரானது. கிடங்கில் அடுக்கியிருக்கிற தூள் வெறும் மாவாவதற்குள் ஒப்புதல் வர வேண்டும். வராவிட்டால் கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரதன் யாராவது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்பு மாட்ட வேண்டியதுதான்.

இரண்டாம் முறை கிரேஸ் பஞ்சாங்கம் பார்த்தாள். கரிநாளாகப் பார்த்துக் கிளம்பினார்கள். வாரியம் முழு அளவில் இயங்கிக்கொண்டிருந்தது.

களஆய்வாளர் மணிகண்டன் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். மாதிரி கேட்டார். கிரேஸ் ஒரு டப்பாவை நீட்டினாள்.

"டப்பாவா? ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனித்தனி மாதிரி போவணும்மா. நாலு செக்‌ஷனுக்கு ஆளு இல்ல. ஆளு வந்தப்புறம் குடுக்கறதுக்கும் சேத்து வைக்கணும். ஒரு மூட்டையா குடுங்க."

மூட்டை வந்தது. மணிகண்டன் அதன் வாயைச் சணல் கயிற்றால் கட்டி, அரக்கைக் காய்ச்சி ஊற்றி, முத்திரை குத்தினார். பிறகு அதைச் சுமக்கச் சொல்லி, மண்டபத்துச் சமையல்கூடத்தை ஒட்டிய சாமான் அறைக்கு அழைத்துப் போனார். அந்தப் பக்கச் சுவர் அடுப்புப் புகையில் கருத்திருந்தது.

"சார்," என்றார் வரதன், "லேபிள்ல குளிர்ந்த இடத்துல வைக்கணும்னு போட்டுருக்கோம்."

"எவ்ளோ குளிர்னு போடலையே. வெளிய வெயிலு, உள்ள நிழலு. குளிர்ந்த இடம்தான?"

"பக்கத்துல அடுப்பு இருக்குதே சார்."

"அடுப்பு முகூர்த்த நாள்ல மட்டும்தான் எரியும். அன்னிக்கு ஆபீஸ் கிடையாது. ஆபீஸ் இல்லாத நாள்ல நடக்கறது எதுவும் எங்க ரெக்கார்டுல வராது."

கிரேஸ் மெதுவாகக் கேட்டாள்: "சார், மணமகள் ரூம்ல ஒரு ஃப்ரிட்ஜ் பாத்தேனே?"

"அது டைரக்டர் ரூம். ஃப்ரிட்ஜு நுண்ணுயிர் சம்பந்தப்பட்டதுக்கு மட்டும்தான் சாங்ஷன் ஆயிருக்குது. இப்போ அதுல சாரோட தயிர் இருக்குது. தயிர்ல நுண்ணுயிர் இருக்குது. உங்க பவுடர்ல இருக்குதா?"

"இல்ல சார். நுண்ணுயிர்லேர்ந்து எடுத்தது."

"எடுத்தாச்சு இல்ல? அப்புறம் இன்னா?"

அறைக்கு ஒரே சாவிதான். அது மண்டபத்துச் சமையல் மாஸ்டர் கலியனிடம் இருந்தது. பாதுகாப்புக்காக என்று மணிகண்டன் விளக்கினார்.

அடுத்த கட்டம் கோழிகள். வாரியத்தின் விதிப்புத்தகத்தில் கோழி என்று ஒரு பிராணி கிடையாது. கறிக்கோழி, வளரும் கோழி, முட்டையிடும் கோழி என்று மூன்று பிராணிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி ஆய்வு. பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் நெல் வயலை ஒட்டி ஈஸ்வரி என்பவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார், வரதனுக்குப் பழக்கம். அவர் அப்போதுதான் குஞ்சு இறக்கியிருந்ததால், வளரும் கோழி என்ற பிரிவில் விண்ணப்பம் போடப்பட்டது. பாதிக் கோழிகளுக்கு வரதனின் தூள் கலந்த தீவனம், பாதிக்குச் சாதாரணத் தீவனம். மணிகண்டன் அவ்வப்போது வந்து கோழிகளை எடை போட்டு, ஈஸ்வரி கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டுப் போனார். எல்லாம் விதிப்படி நடந்தது, வைகாசியில் ஒரு காலை வரை.

அன்று மணிகண்டன் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தார். தூள் தின்ற பக்கத்தில் ஒரு கோழி மூலையில் போய் உட்கார்ந்தது. எழுந்தது. கீழே ஒரு முட்டை இருந்தது.

ஈஸ்வரி கையைத் தட்டினார். "நைனா, பாத்தியா! இன்னும் ரெண்டு வாரம் ஆவும்னு நெனச்சேன். இந்தப் பக்கம் பாரு, சாதா தீவனம் துன்னது எல்லாம் சும்மா சுத்திக்கினு கெடக்குது. ஓட்டத் தட்டிப் பாரேன், சத்தமே வேற!"

வரதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உலை முன்னால் நின்ற காலத்தில் அவர் எத்தனையோ டன் கம்பி பார்த்திருக்கிறார். தான் செய்த ஒன்று உயிருள்ள ஒன்றுக்குள் போய் வேலை செய்ததை இப்போதுதான் பார்க்கிறார். அவர் மணிகண்டனைத் திரும்பிப் பார்த்தார். மணிகண்டனின் முகம், பேருந்தில் பர்ஸைப் பறிகொடுத்தவன் முகம்போல இருந்தது.

"சார், இந்தக் கோழி எந்தப் பிரிவு?"

"வளரும் கோழி சார்."

"அது முட்டை போடற வரைக்கும். இப்போ?"

வரதன் கோழியைப் பார்த்தார். அது தீவனத் தொட்டிக்குப் போய்க் கொத்த ஆரம்பித்திருந்தது.

"இப்போ இது முட்டையிடும் கோழி," என்றார் மணிகண்டன். "அந்தப் பிரிவுக்கு நீங்க அப்ளிகேஷனே போடல. போடாத பிரிவுக் கோழி, ஒப்புதல் இல்லாத தீவனத்த, என் கண்ணு முன்னாடி துன்னுக்கினு இருக்குது. மொதல்ல அதத் தொட்டிகிட்டேர்ந்து தூக்குங்க!"

"இன்னா சார் பேஜாரா கீது," என்றார் ஈஸ்வரி. "கோழி முட்டை போட்டா குத்தமா?"

"முட்டை போட்டது குத்தம் இல்லம்மா. முன்கூட்டித் தெரிவிக்காம போட்டதுதான் குத்தம்."

"அதுகிட்ட நான் இன்னா லெட்டரா எழுதி வாங்கறது?"

"வாங்கியிருந்தீங்கன்னா இப்போ இந்தப் பிரச்னையே இல்ல."

அதற்குள் பின்னால் இன்னொரு கோழி கொக்கரிக்க ஆரம்பித்தது. ஈஸ்வரி திரும்பாமலே, "ச்சூ, வாய மூடு! சார் நிக்கறாரு தெரியல?" என்று அதட்டிவிட்டு, நகர்ந்து போய் எதையோ எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

மணிகண்டன் முதல் முட்டையைப் பறிமுதல் செய்தார். ஒரு துணியில் சுற்றிக் கட்டி, அதன் மேலும் அரக்கைக் காய்ச்சி ஊற்றினார். சூட்டில் முட்டையின் ஒரு பக்கம் வெந்துவிட்டது. அதை, "கைப்பற்றும்போது காணப்பட்ட நிலை: பகுதி வேக்காடு" என்று குறித்துக்கொண்டார். ஆய்வு நிறுத்தி வைக்கப்பட்டது. முட்டை செவ்வாப்பேட்டைக்குப் போய், சாமான் அறையில் வரதனின் மூட்டைக்குப் பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்தது.

வைகாசி வெயில் அப்படி. கும்மிடிப்பூண்டியில் கொட்டகைத் தகரத்தின் மேல் வரதன் தென்னங்கீற்று பரப்பினார். பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். மூட்டைகளைச் சுற்றி ஈரச்சாக்கு. கிரேஸ் வாரம் ஒருமுறை சோதித்துவிட்டு வந்து, "நீலம் கீதுண்ணா, கொஞ்சம் வெளுத்துடுச்சு, ஆனா கீது" என்பாள். அதைக் கேட்டால்தான் அன்று வரதனுக்குச் சோறு இறங்கும்.

செவ்வாப்பேட்டையில் ஈரச்சாக்கு எதுவும் கிடையாது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அடுப்பு எரிந்தது. மூன்றாவது முகூர்த்தத்தில் முட்டை நாறத் தொடங்கியது. அன்று மண்டபத்துக்காரரின் அண்ணன் மகளுக்கு வரவேற்பு. பந்தி ஆரம்பிக்கிற நேரத்தில் இப்படி ஒரு வாடை என்றால் யார் பொறுப்பது? சமையல் மாஸ்டர் கலியன் மூக்கைப் பொத்திக்கொண்டு சாமான் அறையைத் திறந்தார். சாட்சியைத் தூக்கி வெளியே குப்பையில் எறிந்தார். அப்போதுதான் அந்த மூட்டை அவர் கண்ணில் பட்டது.

அரசாங்க முத்திரையை வாசித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. உள்ளே மஞ்சள் வெள்ளையாக மாவு இருந்தது. கடலை மாவு போதாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார். மற்றதை வாரியத்தின் விசாரணையில் அவர் வாயாலேயே கேட்கலாம்.

விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் கலியன் அல்ல, வரதன். வாரியத்திலிருந்து அவருக்கு ஒரு தபால் வந்தது. "தங்களுக்குச் சொந்தமான மாதிரி, வாரியத்தின் பாதுகாப்பில் இருந்தபோது பாதியாகக் குறைந்துள்ளது. இவ்வாறு குறையக்கூடிய மாதிரியை வழங்கியமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" ஆடி மாதம் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த ஒரு மாதம் வாரியம் பம்பரமாகச் சுழலும்.

மண்டபத்து மேடையில் விசாரணை. இயக்குநர் தணிகைவேல் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிங்கத்தலைக் கைப்பிடி, சிவப்பு வெல்வெட்டு. அரசாங்க நாற்காலிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். பின்னால் திரையில் "ஷைனி – ஜோஷ்வா" என்ற தெர்மாகோல் எழுத்துகளைக் கடைசிக் கல்யாணக்காரர்கள் எடுக்காமல் போயிருந்தார்கள். அதன் கீழே வரதனும் கிரேஸும் நிற்க, எதிரே மணிகண்டன் பதிவேட்டோடு. சாட்சியாகக் கலியன், தோளில் துண்டோடு.

"மூட்டைய ஏன் பிரிச்சீங்க?" என்று கேட்டார் இயக்குநர். "சீல் இருந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். பொண்ணு ஊட்டுக்காரங்க சீல் வச்சு அனுப்பிகீறாங்கன்னு நெனச்சேன். சமையல்காரன நம்பாத ஜனங்க எண்ணெ டின்னுக்கே பூட்டு போட்டு அனுப்புவாங்க சார். இது புதுசா அரக்கு வச்சிகீறாங்க, பெரிய எடம் போலக்கீதுன்னு நெனச்சுக்கினேன்."

"அப்புறம்?"

"நாக்குல வச்சுப் பாத்தேன். சோள மாவு. கடலை மாவோட கலந்து வாழக்கா பஜ்ஜி போட்டேன். மொறுமொறுன்னு வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு பஜ்ஜி நான் இந்த மண்டபத்துல போட்டதே இல்ல. விருந்துக்கு வந்த நீங்ககூட எல போட்ட எடத்துலேர்ந்து எழுந்து வந்து ரெண்டாவது தபா கேட்டீங்களே சார்."

மணிகண்டன் எழுதுவதை நிறுத்தினார். முத்திரையிட்ட அரசாங்க மாதிரியைப் பொரித்துத் தின்ற செய்தி தலைமைச் செயலகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று இயக்குநர் யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. யோசனை எங்கோ போய்ச் சேர்ந்ததும் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றார். மேடையில் நின்றால் அவருக்குப் பேச்சு தானாக வரும்.

"இந்த வாரியத்தைப் பற்றி வெளியே என்னென்னவோ பேசுகிறார்கள்," என்று ஆரம்பித்தார். "தாமதம் என்கிறார்கள். நான் கேட்கிறேன், எந்த நாட்டில் ஒரு சேர்மானத்தை மனிதர்கள் மேல் ஒரே பந்தியில் ஆய்வு செய்து முடித்திருக்கிறார்கள்? குழந்தைகள் சாப்பிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் சாப்பிட்டார்கள். தாங்கள் ஆய்வில் இருக்கிறோம் என்பதே ஒருவருக்கும் தெரியாது. ஆகவே முடிவில் பாரபட்சத்துக்கு இடமே இல்லை. இதற்கு வெளிநாட்டில் எவ்வளவு செலவு செய்கிறார்கள் தெரியுமா? நமக்கு வாழைக்காய்கூடக் கல்யாண வீட்டாரே வாங்கினார்கள். நானும் இந்த ஆய்வில் என்னை உட்படுத்திக்கொண்டேன். இரண்டு முறை. ஒரு துறைக்குத் தலைமை தாங்குகிறவன் பின்வாங்கக் கூடாது. மணிகண்டன், எழுதுங்கள். மனிதப் பாதுகாப்பு: நிரூபிக்கப்பட்டது."

மணிகண்டன் எழுதினார்.

வரதன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், எண்ணெயில வெந்துபோச்சுன்னா அதுல என்சைமே இருக்காது சார். வெறும் மாவைத்தான் எல்லாரும் துன்னுகீறாங்க."

"வேகாத மாவை யாராவது தின்பார்களா?" என்றார் இயக்குநர்.

"மாதிரியில் மீதி இருந்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அறிக்கை வந்துவிட்டது." இயக்குநர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். "தீய விளைவு: பூஜ்யம். நல்ல விளைவு: பூஜ்யம். இவ்வளவு சமநிலையான ஒரு சேர்மானம் இந்த வாரியத்துக்கு இதுவரை வந்ததில்லை. உங்களைப் பாராட்டுகிறேன்."

"சார், அது அடுப்புப் பக்கத்துல கெடந்து வீணாப்போச்சு சார்!" கிரேஸின் குரல் ஏறிவிட்டது. "எங்ககிட்ட இருக்கறது நல்லா வேலை செய்யுது. பொதட்டூர்பேட்டையில கோழி சீக்கிரமா முட்டை போட்டுச்சே, அத நீங்களே எழுதி வச்சிகீறீங்களே."

"அந்த விஷயமும் தீர்ந்துவிட்டதம்மா. தூளுக்கு எந்த விளைவும் இல்லை என்று ஆய்வகமே சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் கோழி தன் சொந்தப் பொறுப்பில் முட்டையிட்டிருக்கிறது. உங்கள் மேல் குற்றமில்லை. முட்டையும் தற்போது இல்லை. கோப்பை மூடிவிடலாம்."

"நான் வேணா புதுசா ஒரு மூட்டை கொண்டாறேன் சார்," என்றார் வரதன். கை கூப்பியிருந்தார். "ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டாறேன். அத டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒரே ஒரு தபா."

இயக்குநர் அவரைப் பரிவோடு பார்த்தார். "புது மாதிரி என்றால் புது விண்ணப்பம். புது விண்ணப்பம் என்றால் முதலிலிருந்து. ஆவணி பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும், உங்களுக்கே தெரியும். நீங்கள் ஒப்புதல் கேட்டீர்கள், நான் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்? இதே நாற்காலிக்கு முன்னால் நின்று அழுதுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்!"

வரதன் கிரேஸைப் பார்த்தார். கொட்டகை கண்ணுக்கு முன்னால் வந்தது. தகரத்தில் தண்ணீர் ஊற்றுகிற பெண்கள் வந்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். கலியன்தான் முதலில் கை தட்டினார்.

சான்றிதழ் கெட்டித்தாளில், தங்கக் கரை போட்டு இருந்தது. தீவன ஆலைக்காரருக்கு அதைப் படம் பிடித்து அனுப்பியதும் அவரே கூப்பிட்டார். "சூப்பர் வரதன். ஆடிட்ல கேக்கறது இந்தப் பேப்பர்தான். மூட்டைய லாரியில ஏத்துங்க. உள்ள இன்னா கீதுன்னு எவன் பாக்கறான்?"

ஆனால் ஒருவர் பார்த்தார். மணிகண்டன். முதல் சரக்கு வெளியே போவதற்கு முன்னால் அதை வாரியத்தின் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. சான்றிதழின் பின்பக்கத்தில் இருந்தது. அவர் கும்மிடிப்பூண்டிக்கு நேரிலேயே வந்தார். கிரேஸ் ஒரு மூட்டையிலிருந்து தூள் எடுத்து, கரைத்து, மருந்து ஊற்றினாள். கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய தூள். குழாய் நீலமானது. வெளுத்த நீலம்தான், ஆனாலும் நீலம்.

"பாத்தீங்களா சார்!" என்றாள், பழக்கத்தில்.

"பாத்தேன்," என்றார் மணிகண்டன் வருத்தத்தோடு. "எங்க மாதிரியில கலரே வரலம்மா. இது வேலை செய்யுது. வேலை செய்யற பவுடருக்கு உங்ககிட்ட ஒப்புதல் இல்ல. இத வெளிய அனுப்புனா சர்டிபிகேட்டு கேன்சல், யூனிட்டுக்கு சீலு. அரக்கு பேக்லயே கீது." கொஞ்சம் இறங்கிய குரலில் சேர்த்துக்கொண்டார்: "உங்க மேல எனக்கு மரியாதை உண்டு சார். மாதிரிக்குச் சரியா கொண்டாந்துடுங்க. வியாழக்கெழம திரும்ப வறேன். அன்னிக்கு நீலம் வரக் கூடாது."

அன்று மாலை ஈஸ்வரி கூப்பிட்டார். "நைனா, பர்மிஷன் வந்துச்சாமே? அதே பவுடரு ஒரு பத்து மூட்டை போடு. அந்தத் தீவனம் நிறுத்துனதுலேர்ந்து ஓடு மெல்லிசாயிடுச்சு. கையில எடுத்தாலே ஒடையுது."

"அந்தப் பவுடரு வராதும்மா."

"ஏன்? பர்மிஷன் வந்துச்சுன்னாங்களே."

"அதான் வந்துடுச்சே," என்றார் வரதன்.

மறுநாள் காலை கொட்டகை முன்னால் இருந்த சிமெண்டுத் தளத்தைக் கூட்டி, தார்ப்பாய் விரித்து, மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினார்கள். சிப்காட் தெருவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெல் காயவைப்பதுபோல் காலால் துழாவித் துழாவித் தூளைத் திருப்பிப் போட்டார்கள். எதற்காக என்று வரதன் சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை. கோடை முழுக்க இதற்குத்தானா தண்ணீர் ஊற்றினோம் என்று ஒருத்தி மட்டும் முணுமுணுத்தாள். மதியம் வெயில் தளத்தில் நிற்க முடியாத அளவுக்குக் காய்ந்தது. மூன்று மணிக்கு மேற்கே மேகம் திரண்டது.

கிரேஸ் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இன்னும் லேசா கீதுண்ணா."

வரதன் மேகத்தைப் பார்த்தார். பிறகு தூள் கிளறும் பலகையை எடுத்துக்கொண்டு தூளுக்குள் இறங்கினார்.

"இருட்டிக்கினு வருது, சீக்கிரம் கிண்டிவுடுங்கம்மா," என்றார். "கடவுளே, இன்னும் ஒரு மணி நேரம் வெயில் அடிக்கட்டும்."